மழைக்காலமும் மலக்குழியும்

புரட்டாசி பிறந்து விட்டது. இன்னும் சில வாரங்களில் ஐப்பசி அடைமழை ஆரம்பமாகி விடும். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஜனங்கள் அதற்கு வேண்டிய ஏற்பாடுகளை இப்போதே செய்து வருகிறார்கள். ஓட்டு வீட்டுக்காரர் உடைந்த ஓட்டை மாற்றுகிறார். மாடு வைத்திருப்பவர் வைக்கோல் போருக்கு மூடாக்குப் போடுகிறார். மாடி வீட்டுக்காரர் மொட்டை மாடி விரிசலுக்குச் சிமெண்டு பூசுகிறார். புரட்டாசிச் சனிக்கிழமைக்கென்று வீட்டைக் கழுவுகிறவர்களும், தீபாவளிக்கென்று சுவருக்கு வெள்ளை அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இவற்றுள் சிலவற்றின் காரணத்தைப் பற்றி நமக்கு அபிப்பிராய பேதம் உண்டு; ஆனாலும் வீடு சுத்தமாவதில் நமக்கு யாதொரு ஆட்சேபனையும் இல்லை. நாம் கேட்க வந்தது என்னவென்றால், இவ்வளவும் செய்கிறவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டு செப்டிக் டேங்கைப் பற்றி ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்கள் என்பதேயாகும்.

"இதுவும் ஒரு பத்திரிகையின் தலையங்கத்தில் எழுதக்கூடிய விஷயமா?" என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். கோவில் சங்கதியும் சடங்குச் சங்கதியும் எழுதினால் சந்தோஷமாய்ப் படிக்கின்ற நமது வாசகர்களிலேயே சிலருக்கு இது அருவருப்பாய்த் தோன்றக் கூடும். அந்த அருவருப்பைப் பற்றியேதான் நாம் இன்று எழுத வேண்டியிருக்கின்றது. ஏனென்றால், இந்த நாட்டில் மலத்தைக் கண்டு அருவருப்பதென்பது வெறும் மூக்கின் சங்கதியாக நிற்கவில்லை. "நான் இதைப் பார்க்க வேண்டியதில்லை, இதைப் பார்ப்பதற்கென்றே பிறந்தவன் ஒருவன் இருக்கிறான்" என்கின்ற எண்ணம் அதற்குள் ஒளிந்து கொண்டிருக்கின்றது. அந்த எண்ணத்தினால் வருஷந்தோறும் மனிதர்கள் சாகிறார்கள்.

2024-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிற்று. விழுப்புரம் ஜில்லா மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. கள்ளக்குறிச்சி ஜில்லாவிலும் மழைக்குக் குறைவில்லை. அந்த மழை விட்ட மூன்றாம் நாள், கருணாபுரத்துப் பக்கம் நமக்கு வேண்டிய ஒரு தோழர் வீட்டிற்கு நாம் போக நேர்ந்தது. தோழர் நல்ல கொள்கைக்காரர். வீட்டில் சாமி படம் கிடையாது. புதுமனை புகுந்த போது புரோகிதர் கிடையாது. பெண்ணுக்கு ஜாதி பாராமல் கல்யாணம் செய்து கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கொல்லையில் கக்கூஸ் தண்ணீர் எதிர்த்து வந்து முழங்கால் மட்டும் நின்றது. கொல்லைச் சுவரோரமாய் இரண்டு பேர் வாளியும் கயிறும் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் நடுத்தர வயது. மற்றவருக்கு மீசை இன்னும் சரியாய் முளைக்கவில்லை. தண்ணீரை வாரி விட்டுக் குழிக்குள் இறங்கிச் சகதியை அள்ளுவதாய்ப் பேச்சு.

"என்ன தோழர் இது?" என்றோம். "லாரிக்குச் சொன்னேன், சந்து சேறாகக் கிடப்பதால் வண்டி வராது என்று விட்டார்கள். வீட்டில் பெண்கள் இரண்டு நாளாய்ப் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அவர்களே வந்தார்கள்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நாம் இறங்கக் கூடாதென்று தடுத்தோம். அப்போது அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தைதான் இன்னும் நமது காதில் கேட்டுக் கொண்டிருக்கின்றது. "வேண்டாமென்றால் போகிறோம் சார். மழையிலே ஒரு வாரமாக வேலை இல்லை. இன்றைக்குக் கூலிக்கு என்ன பண்ணுவது?" என்றார். தோழர் தலை குனிந்தபடி பேசின கூலியைக் கொடுத்தனுப்பினார். இரண்டு நாள் கழித்து லாரி வந்தது. அந்த இரண்டு நாளும் அந்தக் குடும்பம் பக்கத்து வீட்டில் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது.

தோழர்களே! இந்தச் சம்பவத்தை நன்றாய் யோசித்துப் பாருங்கள். அந்தத் தோழர் கெட்டவரா? இல்லை. ஜாதி வெறியரா? அதுவும் இல்லை. அவர் செய்த பிசகெல்லாம் ஆவணியிலோ புரட்டாசியிலோ செய்ய வேண்டிய ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்டதுதான். வெய்யில் காய்கிற போது லாரியைக் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் குழாய் போட்டு உறிஞ்சிக் கொண்டு போகும். அதைச் செய்யாதவன் மழைக்கு நடுவில் வேறு வழி காணாமல் ஒரு மனிதனைக் குழிக்குள் இறக்குகிறான். ஆகவே நமது புரட்டாசிச் சோம்பேறித்தனம் கார்த்திகையில் ஒரு மனிதனுடைய சாவாய் முடிகின்றது. இதைச் சொல்லத்தான் நாம் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறோம்.

நிற்க. செப்டிக் டேங்க் என்பது என்ன? பலர் நினைக்கிறபடி அது மலத்தை விழுங்கி இல்லாமல் செய்து விடுகிற பூதம் அல்ல. 1860-களில் பிரான்ஸ் தேசத்தில் மூரா என்பவர் கண்டுபிடித்து, 1881-ல் பதிவு செய்து கொண்டார். பிறகு இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரத்தில் கேமரன் என்பவர் 1895-ம் வருஷ வாக்கில் அதைத் திருத்தி செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். அதற்குள் நடப்பது இவ்வளவே: வருகிற கழிவு ஒன்றிரண்டு நாள் அசையாமல் நிற்க வேண்டும். கனமானது அடியில் சகதியாய்ப் படியும். எண்ணெய்ப் பசை மேலே ஆடையாய் மிதக்கும். நடுவிலுள்ள கலங்கல் நீர் மறு பக்கத்துக் குழாய் வழியே வெளியேறி, உறிஞ்சு குழியில் விழுந்து மண்ணுக்குள் போகும். அடியிலுள்ள சகதியைக் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் தின்று கொஞ்சம் குறைக்கும். கொஞ்சம்தான் குறைக்கும், மீதி வருஷத்திற்கு வருஷம் ஏறிக் கொண்டே வரும். அதனால்தான் இரண்டு மூன்று வருஷத்திற்கு ஒரு முறை அதை எடுத்தாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? டேங்கில் பாதிக்கு மேல் சகதி நிரம்பின பிறகு கழிவு நிற்க இடமில்லை. வந்த வேகத்திலேயே மலத்தோடு உறிஞ்சு குழிக்கு ஓடும். அங்கே மண்ணின் துவாரங்களை அடைத்து விடும். வெய்யில் காலத்தில் இது தெரியாது. காய்ந்த மண் எப்படியோ குடித்துக் கொண்டிருக்கும். மழை பெய்து பூமி ஊறி, நிலத்தடி நீரும் மேலே ஏறினவுடன் மண் ஒரு சொட்டும் வாங்காது. அப்போது அந்த நீர் வந்த வழியே திரும்பிக் கக்கூஸ் பீங்கானில் பொங்கும்; அல்லது மூடியின் சந்து வழியே தெருவுக்கு வரும். நமது தோழர் வீட்டில் நடந்தது இதுதான். அது மழை செய்த குற்றமல்ல. பல வருஷக் குற்றத்தை மழை வெளிப்படுத்திற்று, அவ்வளவுதான்.

இன்னும் சிலர் நம்மிடம் பெருமையாய்ச் சொல்லுவதுண்டு: "எங்கள் வீட்டுக் குழி போட்டுப் பதினைந்து வருஷமாயிற்று, இதுவரை நிறையவே இல்லை" என்பார்கள். அவர்கள் வீட்டில் இருப்பது செப்டிக் டேங்கே அல்ல. நாலைந்து சிமெண்டு உறைகளை மண்ணுக்குள் இறக்கி, அடியில் தளம் போடாமல் விட்ட குழி. அது நிறையாமலிருப்பதற்குக் காரணம் கைராசியும் அல்ல, கொத்தனார் சாமர்த்தியமும் அல்ல. உள்ளே விழுந்ததெல்லாம் பூமிக்குள் இறங்கி எங்கேயோ போய்க் கொண்டிருக்கின்றது என்பதே காரணம். எங்கே போகின்றது? பக்கத்தில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் அங்கே போகின்றது. கல்வராயன் மலையைப் போன்ற பாறைப் பூமியில் இன்னும் மோசம். மண்ணாவது கொஞ்சம் வடிகட்டும். பாறை வெடிப்புக்குள் இறங்கின நீர் வடிகட்டுவாரின்றி வெகு தூரம் ஓடும்.

ஆகவேதான் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் கழிவு நீர் உறிஞ்சுகிற இடத்திற்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இருக்க வேண்டுமென்று இந்தியத் தர நிர்ணயம் சொல்லுகின்றது. நமது ஊர்களில் யார் இந்த 60 அடியைக் கேட்கிறார்கள்? அடி கணக்கைக் கேட்பதற்குப் பதில் மூலைக் கணக்கைக் கேட்கிறார்கள். வாஸ்துக்காரர் வந்து, கிணறு ஈசானிய மூலையில் இருக்க வேண்டும், செப்டிக் டேங்க் வாயு மூலையில் இருக்க வேண்டும் என்கிறார். பணத்தை வாங்கிக் கொண்டு போகிறார்.

இந்தச் சாஸ்திரத்தின் யோக்கியதையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஈசானியம் என்பது வடகிழக்கு. வாயு மூலை என்பது வடமேற்கு. இரண்டும் ஒரே வடக்குப் பக்கத்தின் இரண்டு முனைகள். மனையின் அகலம் 20 அடியானால் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவில் 20 அடி கூட இல்லை. அதுவாவது போகட்டும். ஒரு தெருவில் உள்ள எல்லா வீட்டுக்காரர்களும் பக்தி சிரத்தையோடு வாஸ்துப்படியே கட்டியதாய் வைத்துக் கொள்ளுங்கள். நம்முடைய வடகிழக்கு மூலை எது? கீழண்டை வீட்டுக்காரருடைய வடமேற்கு மூலைக்கு ஒட்டினது. அப்படியானால் நமது கிணற்றை ஒட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அவருடைய மலக்குழி. நம்முடைய மலக்குழியை ஒட்டியிருப்பது மேலண்டை வீட்டுக்காரருடைய கிணறு. சாஸ்திரத்தை எவ்வளவுக்கெவ்வளவு ஒழுங்காய் அனுசரிக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு ஒருவர் மலத்தை ஒருவர் குடிக்க வேண்டியதாகின்றது! இதற்கு ஐசுவரியம் பெருகும் என்று வேறு பலன் சொல்லுகிறார்கள். அன்றியும், 19-ம் நூற்றாண்டில் பிரான்சில் பிறந்த செப்டிக் டேங்குக்கு எந்த ரிஷி எந்தக் காலத்தில் மூலை குறித்து வைத்தார் என்று கேட்கிறோம். பகுத்தறிவுக்காரரான நமது தோழர் வீட்டில் கூட அந்தக் குழி வாயு மூலையில்தான் இருந்தது. ஏனென்று கேட்டோம். "கொத்தனார் கேட்டார், வழக்கம் போலப் போடு என்று சொல்லி விட்டேன்" என்றார். சாமி படத்தை எடுத்து விட்டவர் வழக்கத்தை எடுக்க மறந்து போனார்.

கிணற்றுக்குப் பக்கத்தில் மலக்குழி இருந்தால் என்ன நேரும் என்பதற்கு உலகத்திற்கே பாடமான ஒரு சம்பவம் உண்டு. 1854-ம் வருஷம் லண்டன் பட்டணத்தில் பிராட் ஸ்ட்ரீட் என்ற தெருவில் வாந்தி பேதி வந்து 600 பேருக்கு மேல் செத்தார்கள். கெட்ட காற்றினால் வருகிற நோய் என்று பெரிய வைத்தியர்களே சொல்லிக் கொண்டிருந்த காலம் அது. ஜான் ஸ்நோ என்ற டாக்டர் செத்தவர்கள் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்களில் பெரும்பாலோர் ஒரே அடிகுழாயில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று கண்டுபிடித்தார். அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னால் தோண்டிப் பார்த்த போது, பக்கத்து வீட்டு மலக்குழி அந்தக் கிணற்றுக்கு மூன்றடி தூரத்தில் செங்கல் இற்றுப் போய்க் கசிந்து கொண்டிருந்தது தெரிய வந்தது. நமது நாட்டிலோ வாந்தி பேதி வந்தால் அம்மனுக்குக் கோபம் என்று கூழ் ஊற்றினோம். ஊற்றுகிறவர்கள் ஊற்றட்டும்; அந்தக் கூழைக் காய்ச்சின தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, அந்தக் கிணற்றுக்கு எத்தனை அடியில் எவருடைய மலக்குழி இருக்கிறது என்று பார்த்து விட்டு ஊற்றட்டும் என்றுதான் நாம் கேட்டுக் கொள்ளுகிறோம்.

தண்ணீர் பார்வைக்குத் தெளிவாய் இருக்கிறதே என்று சிலர் சொல்லுவார்கள். கருணாபுரத்துக்காரர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதத்தில் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனாலைக் கண்ணால் பார்த்தும் நாக்கில் வைத்தும் அறிய முடியாமல் இந்த வட்டாரத்தில் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் கருணாபுரம் என்ற பெயரே நாடு முழுதும் தெரிந்தது. மெத்தனால் ஒரு நாளில் கொல்லுகிறது. கெட்ட தண்ணீர் பேதியாகவும் காமாலையாகவும் டைபாய்டாகவும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொல்லுகிறது. செத்தவர் குடும்பத்திற்குச் சர்க்கார் 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. கொடுத்தது நியாயமே. ஆனால் உயிரோடிருக்கும் போது ஒரு ஏழைத் தெருவின் சாக்கடைக்கும் குழிக்கும் செலவு செய்யக் கை வருவதில்லை. செத்த பிறகு மாத்திரம் வருகின்றது என்பதை நாம் சொல்லாமலிருக்க முடியவில்லை.

இனி, குழிக்குள் இறங்குகிறவர் சங்கதிக்கு வருவோம். மூடிக் கிடக்கிற குழிக்குள் அழுகல் முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு இருக்கின்றது. கொஞ்சமாய் இருந்தால் நாறும். அதிகமாய் இருந்தால் மூக்கின் நரம்பையே மரத்துப் போகச் செய்து விடும், நாற்றம் தெரியாது. "நாற்றம் போய் விட்டது, இனி இறங்கலாம்" என்று நினைக்கிற நிமிஷமே சாவு நிமிஷம். இன்னும் அதிகமானால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சுருண்டு விழுவான். கூடவே மீதேன் என்ற எரிவாயுவும் இருப்பதால் தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் ஆபத்து. மூடியைத் திறந்து ஒரு நாள் விட்டால் போதும் என்பதும் தப்பு. அடிச் சகதியைக் கிளறினவுடன் அடைபட்ட வாயு புதிதாய்க் கிளம்பும்.

2019 மார்ச்சு மாதத்தில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் நெமிலியில் ஒரு வீட்டு செப்டிக் டேங்கில் ஒருவர் விழ, அவரைத் தூக்கப் போனவர் விழ, அவரைத் தூக்கப் போனவர் விழ, வீட்டுக்காரரும் அவருடைய இரண்டு மக்களும் உட்பட 6 பேர் செத்தார்கள். ஆகையால் இது "அந்த ஜாதிக்காரருக்குப் பழகிப் போன காற்று" என்று சொல்லுகிறவர்கள் இதைப் படித்துத் தெரிந்து கொள்ளட்டும். விஷவாயுவுக்கு வருணாசிரமம் தெரியாது. எவன் இறங்கினாலும் சாவான். ஆனால் எவனை இறக்குகிறோம் என்பதில்தான் வருணாசிரமம் இருக்கின்றது. மேல் ஜாதிக்காரன் மலமும் கீழ் ஜாதிக்காரன் மலமும் குழிக்குள் போய்ச் சேர்ந்தவுடன் சமத்துவமடைந்து விடுகின்றன. வெளியில் நிற்கிற மனிதருக்குத்தான் அந்தச் சமத்துவம் கிடைக்கவில்லை!

சட்டம் இல்லையா என்றால் தாராளமாய் இருக்கின்றது. 1993-ல் ஒரு சட்டம் வந்தது. 2013-ல் அதைவிடக் கடுமையான சட்டம் வந்தது. தக்க பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஒருவரை வைக்கக் கூடாது. வைத்தால் முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் கண்டிருக்கின்றது. இது முனிசிபாலிட்டிக்கு மாத்திரம் அல்ல, வீட்டுக்காரருக்கும்தான். "அவராகத்தான் வந்தார்" என்பது சமாதானமாகாது. இப்படிச் செத்தவர் குடும்பத்திற்கு 10 லட்சம் கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்புச் சொல்லிற்று. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கிற்று. இவ்வளவு இருந்தும், 1993 முதல் இப்படிச் செத்தவர்களைப் பற்றிச் சர்க்கார் வெளியிட்ட கணக்குகளில் முதலிடத்தில் நின்றது நமது தமிழ்நாடேயாகும். சுயமரியாதை பிறந்த நாடு என்று நாம் மார் தட்டிக் கொள்ளுகிற இதே தமிழ்நாடு!

இதை எழுதுகிற நமக்கு மாத்திரம் என்ன யோக்கியதை என்று கேட்டால், அதையும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம். அன்று தோழர் வீட்டிலிருந்து திரும்பி வந்து நமது காரியாலயத்துக் குழி எங்கே இருக்கிறதென்று விசாரித்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டிடத்தில் குடியேறிப் பல வருஷமாகியும் அந்தக் கேள்வி நமக்கு உதிக்கவே இல்லை. கடைசியாய் எப்போது எடுத்தார்கள், எடுத்தவர் யார், லாரியா ஆளா என்றும் தெரியவில்லை. ஜாதி ஒழிய வேண்டுமென்று நாம் வாரந்தோறும் எழுதிக் கொண்டிருந்த கட்டிடத்தின் அடியில், நமக்குத் தெரியாமல் ஒரு மனிதர் இறங்கி ஏறியிருக்கக் கூடும். இதை எழுத நமக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது. வாசகர்களும் தங்கள் தங்கள் வீட்டைப் பற்றி இப்படியே விசாரிக்க வேண்டுமென்பதற்காக எழுதுகிறோம்.

ஆகவே மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவைகளைச் சொல்லுகிறோம். முதலாவது, குழி இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். கூடவே கடைசியாய் எடுத்த மாதத்தையும் வருஷத்தையும் எழுதுங்கள். மூன்று வருஷத்திற்கு மேலாகியிருந்தால், அல்லது தெரியாது என்றால், பஞ்சாங்கம் பார்க்காமல் உடனே லாரியைக் கூப்பிடுங்கள். 14420 என்ற எண்ணில் சொன்னாலும் ஏற்பாடு உண்டு. செலவு அதிகம் என்று நினைக்கிற கூலிக்காரத் தோழர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டார் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால், சின்னக் குழிகளை ஒரே லாரியில் எடுத்துச் செலவைப் பங்கிட்டுக் கொள்ளலாம்.

இரண்டாவது, லாரி வந்த போது வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூடியைத் திறந்தால் எவரும் குனிந்து பார்க்கக் கூடாது. பீடி, தீக்குச்சி கூடாது. குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது. அடியில் கொஞ்சம் சகதி மீதியிருக்கிறது, இறங்கி வாரி விடட்டுமா என்று கேட்டால், கூடாதென்று கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டும். அந்தக் கொஞ்சம் இருந்து விட்டுப் போகட்டும். நுண்ணுயிர்களுக்கு அதுவே விதை. எடுத்து முடிந்தவுடன் டேங்கைத் தண்ணீரால் நிரப்பி விடுங்கள். காலியான டேங்கை, முக்கியமாய்ப் பிளாஸ்டிக் டேங்கை, மழையில் ஏறி வருகிற நிலத்தடி நீர் படகு போலத் தூக்கி விடும்.

மூன்றாவது, மூடியில் விரிசல் இருந்தால் பூச வேண்டும். மாடி மழைநீர்க் குழாயை டேங்கோடு சேர்த்திருந்தால் உடனே பிரிக்க வேண்டும். குழியின் மேல் மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி மழை நீர் விலகி ஓடும்படி செய்ய வேண்டும். காற்றுக் குழாயின் வாயில் கொசு வலை கட்ட வேண்டும். பீங்கானில் துணி, பஞ்சு, எண்ணெய் போடுவதையும், சுத்தம் என்று நினைத்துப் பினாயிலும் ஆசிடும் பாட்டில் பாட்டிலாய் ஊற்றுவதையும் நிறுத்த வேண்டும். அவை டேங்கில் வேலை செய்கிற நுண்ணுயிர்களைக் கொன்று விடும். கிணற்றுக்கு 60 அடி விட முடியாத சின்ன மனையானால், குழிக்கு அடித்தளம் போட்டுக் கசியாமல் கட்டி, கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை விட்டு விடுவதே மேல். காய்ச்சினால் கிருமி சாகும். மலத்திலிருந்து ஊறி வந்த நைட்ரேட்டு போகாது. அது கைக்குழந்தைகளுக்குக் கெடுதி.

இவ்வளவு செய்தும் பெருமழையில் தண்ணீர் எதிர்த்து வந்தால், அப்போது குழியைக் காலி செய்ய அவசரப்பட வேண்டாம். வெளியிலுள்ள நீர் மறுபடியும் உள்ளே ஊறும், செலவுதான் மிஞ்சும். குளியல், துணி துவைக்கிற நீரைக் குழிக்கு விடாமல் நிறுத்தி, பூமி வடிகிற வரையில் பொறுத்திருக்க வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் ஆளை இறக்கக் கூடாது.

பனி உறைகிற கனடாவில் குடியேறியுள்ள நம்மவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். அங்கே பூமி இறுகுமுன் டேங்கைச் சரி பார்த்து, குழாய் உறையாமலிருக்க மேலே வைக்கோலும் சருகும் மூடி, சொட்டுகிற குழாயைச் சரி செய்து விட்டுத்தான் குளிர்காலத்தை எதிர்பார்க்கிறார்கள். சொந்த வீட்டுக் குழியைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதை அங்கே எவரும் இழிவாய் நினைப்பதில்லை.

முனிசிபாலிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் லாரி வைத்து எடுத்து விட்டால் மாத்திரம் காரியம் முடிந்து விடாது. அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகின்றது? ஏரிக்கரையிலும் ஆற்றோரத்திலும் இராத்திரியில் கொட்டி விட்டுப் போனால், நமது மலம் நமது வீட்டை விட்டு நமது குடிதண்ணீருக்கு இடம் மாறினதேயொழிய வேறல்ல. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற கோமுகிக்குப் பசுவின் முகம் என்று பெயர் வைத்துப் புண்ணியம் பேசுகிறோம். அதன் கரையில் எது விழுகிறது என்று பார்ப்பதுதான் அதற்குச் செய்யக் கூடிய மரியாதை. கருங்குழியைப் போன்ற ஒரு சின்னப் பேரூராட்சியில் 2017-லேயே மலச் சகதியைக் காய வைத்துச் சுத்திகரிக்கிற நிலையம் ஏற்பட்டது. 2019-ல் தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சி அதைவிட அதிகமாய்க் கேட்கப் பாத்தியதையுடையது. உரிமம் பெற்ற லாரிகள் எவை, கட்டணம் எவ்வளவு, கொட்டுகிற இடம் எது என்று வார்டுதோறும் பலகையில் எழுதிப் போட வேண்டும். ஆவணி, புரட்டாசி இரண்டு மாதத்திலும் தெருத் தெருவாய் முறை வைத்து எடுக்க வேண்டும். குழிக்குள் இறங்கிப் பிழைத்தவர்களுக்கு அந்த லாரியையே சொந்தமாக்கிக் கொள்ளக் கடன் கொடுக்க வேண்டும். "இன்றைக்குக் கூலிக்கு என்ன?" என்று அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குச் சட்டப் புஸ்தகத்தைக் காட்டினால் மாத்திரம் பதிலாகாது.

கடைசியாக ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை நமது தோழர்கள் ஒவ்வொருவரும் மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்து விட்டுத் தங்கள் வீட்டுக் குழியின் இடத்தைக் கண்டுபிடித்துச் சுவரில் எழுத வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறோம். பக்கத்து வீட்டாரிடமும் சொல்ல வேண்டும். அவர் ஆஸ்திகரானாலும் சரி, நாஸ்திகரானாலும் சரி, அவருடைய குழிக்கும் நமது கிணற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர்தான். நமது காரியாலயத்துக் குழியை ஆவணி மாதமே லாரி வைத்து எடுத்தாகி விட்டது. தேதியும் சுவரில் எழுதியிருக்கின்றது. வருகிற தோழர்கள் பார்த்துக் கொள்ளலாம்.